மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு: ரெசிடென்ட்களின் (பயிற்சி மருத்துவர்களின்) கேள்விகள்

கேள்வி: கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டிக்கு ஜிடிவியைச் (படத்தில் தெரியும் கட்டி) சுற்றி 2 செ.மீ. விரித்து சிடிவி (கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கக்கூடிய செல்களையும் சேர்த்த பகுதி) போடுகிறேன். சீனியர் ஒவ்வொரு முறையும் பாதியை அழித்துவிடுகிறார். என்னதான் தவறு?

பதில்: விரித்தது தவறில்லை, விரித்ததோடு விட்டதுதான் தவறு. மென்பொருளுக்கு எலும்பு, ஃபால்க்ஸ் (மூளையின் இரு பாதிக்கும் நடுவில் உள்ள சவ்வு), மூளை எல்லாம் ஒன்றுதான். எல்லாத் திசையிலும் ஒரே அளவுக்கு ஊதிவிடும். கட்டியின் செல்களோ வெள்ளைப் பொருளின் நார்களைப் பிடித்துக்கொண்டு பரவுகின்றன. எனவே மண்டையோடு, ஃபால்க்ஸ், டென்டோரியம் (பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் இடையிலான சவ்வு) குறுக்கே வரும் இடங்களில் சிடிவியைச் செதுக்குங்கள். கார்பஸ் கலோசத்தில் (இரு பக்க மூளையையும் இணைக்கும் நார்க்கற்றை) மட்டும் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். கட்டி அதை ஒட்டியிருந்தால் எதிர்ப்பக்கம் போக அதுதான் வழி; நடுக்கோடு வந்துவிட்டது என்று அங்கே வெட்டினால் நோய் போகும் பாதையையே விட்டுவிடுவீர்கள். அளவும் இப்போது குறைந்திருக்கிறது: 2023இல் வந்த எஸ்ட்ரோ-ஈயானோ (ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள்) வழிகாட்டுதல் 15 மி.மீ. என்கிறது.

அப்புறம், ஜிடிவியிலேயே கோட்டை விடுபவர்கள் உண்டு. அறுவை முடிந்த குழியின் ஓரம் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே மிச்சக் கட்டி என்று வளைத்துவிடுகிறார்கள். கான்ட்ராஸ்ட் மருந்து போடாத டி1 வகை எம்ஆர்ஐ படத்தைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். அதிலும் அதே இடம் வெள்ளையாக இருந்தால் அது பெரும்பாலும் ரத்தம்.

கேள்வி: ஆப்டிக் கயாஸம் சிடியில் கண்ணுக்கே அகப்படவில்லை. எப்படி வரைவது?

பதில்: சிடியில் தேடாதீர்கள். மெல்லிய ஸ்லைஸ் எம்ஆர்ஐயைப் பொருத்தி, பொருந்தியிருக்கிறதா என்று வென்ட்ரிக்கிள் ஓரத்திலும் கண்விழியிலும் முதலில் சரிபாருங்கள். பிறகு விழியின் பின்னிருந்து பார்வை நரம்பைப் பிடித்துக்கொண்டே உள்ளே போங்கள். பிட்யூட்டரித் தண்டுக்குச் சற்று முன்னால், இரண்டு நரம்பும் சேரும் இடத்தில் கயாஸம் இருக்கும். கரோனல் படத்தில் ஒருமுறை உறுதிசெய்யுங்கள். பக்கத்தில் 60 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு) போகும்போது இங்கே 2 மி.மீ. பிசகுவது சின்ன விஷயமில்லை.

கேள்வி: நான் ஆசிரியர். ரெசிடென்ட் போட்டதை நானே திருத்தி அனுப்பிவிடுகிறேன். உட்கார்ந்து சொல்லித்தர நேரம் எங்கே?

பதில்: நீங்கள் திருத்தியதை அவர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்மை அதுதான். அவர் வரைந்ததை அழிக்காமல் தனிப் பெயரில் வைத்துவிட்டு, உங்களுடையதை வேறு நிறத்தில் மேலே போடுங்கள். இரண்டும் விலகும் இடங்களில் மட்டும் நின்று, 'இந்தக் கோடு ஏன் இங்கே?' என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும். சில இடங்களில் டைஸ் மதிப்பெண்ணை (இரண்டு வரைவும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) வைத்தே ரெசிடென்டை எடைபோடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பெரிய கட்டியில் 0.9 வாங்கியவர், மூளைத்தண்டை ஒட்டிய அந்தச் சின்ன மூலையைத் தவறவிட்டிருக்கலாம். எண்ணில் அது தெரியவே தெரியாது.

கேள்வி: தேர்வுக்கு எந்த டோஸ் எல்லைகளை மனப்பாடம் செய்வது?

பதில்: மூளைத்தண்டுக்கு 54 கிரே, கயாஸத்துக்கு 55 கிரே. இரண்டுமே தினமும் 2 கிரே அளவில் கொடுக்கும்போது மட்டும். அதைச் சேர்த்துப் படிக்காவிட்டால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: ஆறு வாரத்தில் 60 கிரே கொடுக்கிறோம். ரேடியோசர்ஜரியில் (குறிவைத்து ஒரே தவணையில் தரும் கதிர்வீச்சு) ஒரே நாளில் 24தானே, அதன் விளைவு அதிகம் என்கிறார்களே, எப்படி?

பதில்: பேப்பரில் போட்டுப் பாருங்கள். சாதாரண மூளைத் திசுவுக்கு ஆல்ஃபா/பீட்டா (தவணையின் அளவு திசுவை எவ்வளவு பாதிக்கும் என்பதைக் காட்டும் விகிதம்) 2 என்று வைத்தால், 30 தவணையில் 60 கிரேயின் பிஇடி (உயிரியல் விளைவை வைத்துக் கணக்கிட்ட டோஸ்) 120. ஒரே தவணையில் 24 கிரேக்கு 312 வரும். இவ்வளவு பெரிய தவணையில் அந்தச் சூத்திரம் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறது என்றாலும், திசை சரிதான். அதனால்தான் ஆர்டிஓஜி 90-05 ஆய்வு அளவைப் பார்த்து டோஸ் வைத்தது: 2 செ.மீ. வரை 24, 3 வரை 18, 4 வரை 15 கிரே. கட்டி பெரிதாகப் பெரிதாக டோஸ் குறைவது புதிதாக வருபவர்களுக்குத் தலைகீழாகப் படும். சுற்றியுள்ள நல்ல மூளையில் 12 கிரே வாங்கும் கன அளவைப் பாருங்கள், விளங்கிவிடும். நெக்ரோசிஸ் (திசு செத்துப்போவது) வருமா வராதா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

கேள்வி: கதிர்வீச்சு முடிந்து ஒரு மாதத்தில் எடுத்த எம்ஆர்ஐயில் கட்டி பெரிதாகிவிட்டது. நோயாளியிடம் என்ன சொல்வது?

பதில்: முதலில் எதுவும் சொல்லாமல் பிளானைத் திறங்கள். புதிதாக ஒளிரும் இடம் அதிக டோஸ் போன பகுதிக்குள்ளேயே இருந்தால், முதல் 12 வாரத்தில் அது போலி வளர்ச்சியாக (கட்டி வளராமலே வளர்ந்ததுபோலத் தெரிவது) இருக்க வாய்ப்பு நிறைய. ரானோ விதிகளும் (மூளைக் கட்டியின் சிகிச்சைப் பலனை மதிப்பிடுபவை) அந்தக் காலத்தில் அவசரப்பட வேண்டாம் என்றே சொல்கின்றன. வெளியே புதிதாக ஒன்று முளைத்திருந்தால் கதை வேறு. அடுத்து நோயாளியைப் பாருங்கள்: நடை எப்படி, பேச்சு எப்படி, டெக்ஸாமெத்தசோனைச் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு) சமீபத்தில் குறைத்தார்களா? அவர் தெம்பாக இருந்தால், 'வீக்கமாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். கீமோ மாத்திரையை நிறுத்தாமல் சில வாரத்தில் மறுபடி படம் எடுத்துப் பார்ப்போம்' என்று இரண்டையும் சொல்லுங்கள். ரிப்போர்ட் அவர் கையிலும் இருக்கிறது, படித்துவிட்டுத்தான் வந்திருப்பார்.