பூச்சியை அடித்துப் பயனில்லை, நூலைத் தேடுங்கள்

கேள்வி: மூன்று வாரமாக ராத்திரி விளக்கைப் போட்டால் சமையலறையில் சாம்பல் நிறப் பூச்சிகள் பறக்கின்றன. நேற்று சுவரில் வெள்ளைப் புழு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அரிசியில் வண்டு இல்லை. பீரோவில் இருக்கும் பட்டுப்புடவையை அரித்துவிடுமோ?

பதில்: புடவைக்குப் பயமில்லை. துணியை அரிக்கும் அந்து வேறு இனம். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு இது பெரும்பாலும் அரிசி அந்துப்பூச்சிதான். பெயர்தான் அரிசி; ரவை, கம்பு, கேழ்வரகு மாவு, நிலக்கடலை எதையும் விடாது.

பறக்கிற பூச்சி எதையும் தின்பதில்லை. தின்பதெல்லாம் புழுதான். அது போகிற இடமெல்லாம் நூல் விட்டுக்கொண்டே போகும். சந்தேகமான டப்பாவில் ஒரு கரண்டி ரவையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். பொலபொலவென்று உதிராமல், நாலைந்து மணிகள் ஒட்டடையில் மாட்டியதுபோல் தொங்கினால் அதுதான் இடம். வண்டு இப்படி நூல் கட்டாது. நெல்லிலும் சோளத்திலும் வருகிற வைக்கோல் நிற அந்துவும் கட்டாது. அதன் புழு மணிக்குள்ளேயே வளர்ந்து, வெளியே வந்த ஓட்டையை மட்டும் விட்டுப் போகும்.

சிறகின் முன்பாதி வெளிறி, பின்பாதி செம்பு நிறமாக இருந்தால் அது ‘இந்தியன் மீல் மாத்’. பெயரைப் பார்த்து நம்மூர்ப் பூச்சி என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து அமெரிக்காவில் மக்காச்சோள மாவுக்கு ‘இந்தியன் மீல்’ என்று பெயர். அதில் வந்ததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றே.

சுவரில் ஏறிய புழு வயிறு நிறைந்தது. கூடு கட்ட இடம் தேடிப் போகிறது. டப்பா மூடியின் உள்விளிம்பு, அலமாரி மூலை, ஆணி ஓட்டை ஆகிய இடங்களில் வெள்ளைப் பஞ்சுபோல் இருப்பதைச் சுரண்டி எடுங்கள். மருந்து அடிக்க வேண்டாம், அது சாப்பாட்டுப் பொருள் இருக்கும் இடம்.

மூல காரணம் அநேகமாக மறந்துபோன ஒரு பாக்கெட். போன தீபாவளிக்கு வாங்கிய கடலை மாவாகவோ, பறவைக்கு வைத்த கம்பாகவோ இருக்கும். மெல்லிய பாலிதீன் பையைப் புழு துளைத்துவிடும், ரப்பர் பேண்டு போட்டால் போதாது. நூல் கட்டியதைச் சலித்துப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம், எச்சமும் தோலும் மாவோடு கலந்திருக்கும், தூக்கிப் போடுங்கள். நன்றாக இருப்பதை ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத முட்டையும் செத்துவிடும். ரவையை வாங்கிய அன்றே வறுத்து, ஆறவைத்து, இறுக்கமான டப்பாவில் போடுங்கள். வேப்பிலையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதே அரிசி அந்துவை ஆய்வகங்களில் கம்புக் குருணை போட்டு வளர்க்கிறார்கள். அதன் முட்டையில்தான், கரும்புக் குருத்துப்புழுவுக்கு எதிராக வயலில் கட்டும் டிரைக்கோகிரம்மா காகித அட்டை தயாராகிறது. டிரைக்கோகிரம்மா என்பது பூச்சிகளின் முட்டைக்குள்ளேயே வளர்ந்து அதை அழிக்கும் சின்னஞ்சிறு குளவி.

முட்டை பூச்சியாக நம்மூர் வெயிலில் சுமார் ஒன்றரை மாதம் பிடிக்கும். அதுவரை வாரம் ஒருமுறை மூடிகளைத் திறந்து பாருங்கள். நடுவில் ஒன்றிரண்டு பறந்தால் அது பழைய கூட்டிலிருந்து வந்தது. இரண்டு மாதம் கழித்தும் பறந்தால், இன்னொரு பாக்கெட் எங்கோ இருக்கிறது.