குப்பைக் குழியில் பாக்டீரியா விடலாமா?

கேள்வி: பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியாவை ஜப்பானில் கண்டுபிடித்திருக்கிறார்களாமே! அதை வாங்கி எங்கள் தோட்டத்துக் குப்பைக் குழியில் விட்டால் கவர், சிப்ஸ் பாக்கெட் எல்லாம் மக்கிவிடுமா ஐயா?
– வாசகி, கோத்தகிரி

மக்காதும்மா. செய்தி உண்மைதான். சகாய் நகரில் பாட்டில் மறுசுழற்சி ஆலை அருகே கிடைத்தது அது, 2016-ல் அறிவித்தார்கள். பெயர் இடியோனெல்லா சகாயென்சிஸ். ஆனால் அதற்குத் தண்ணீர் பாட்டில் செய்கிற ‘பெட்’ வகைதான் தீனி. அதையும் மெல்லிய தாளாக்கி, 30 டிகிரி சூட்டில் வைத்தபோது சுமார் ஆறு வாரம் பிடித்தது. கடையில் வாங்கும் பாட்டில் இன்னும் இறுகியது. அதில் வேகம் படுத்துவிடும். மார்கழி உறைபனியில் நம் மலைக் குழிக்குள் அந்தச் சூடு எங்கே இருக்கப்போகிறது?

உங்கள் கவரும் பால் பாக்கெட்டும் பாலித்தீன். பெட்டின் சங்கிலியில் எஸ்டர் என்ற கண்ணி உண்டு. பாக்டீரியாவின் நொதி அந்த இடத்தில் அறுக்கும். பாலித்தீனில் கார்பனோடு கார்பன் கைகோத்து நிற்கிறது, இந்த நொதி பிடிக்க இடமே இல்லை. சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்துப் பாருங்கள்: உள்பக்கம் மினுங்குவது அலுமினியப் பூச்சு, அதன் இருபுறமும் பிளாஸ்டிக். இதைப் பிரித்தெடுக்க எந்தக் கிருமியாலும் ஆகாது.

2020-ல் பிரான்சில் ஒரு நொதியைத் திருத்தி, 10 மணி நேரத்தில் பெட்டில் 90 சதவீதத்தைச் சிதைத்தார்கள். பெரிய சாதனை, எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் 72 டிகிரி சூட்டில், அரைத்துப் பக்குவப்படுத்திய பாட்டில் தூளில் நடந்த வேலை அது. ஆகவே பாட்டிலைக் கழுவித் தனியே சேர்த்துக் கொடுங்கள். என்றைக்கு அப்படி நொதியால் சிதைக்கும் ஆலை வந்தாலும் அதற்கு வேண்டியது அதுதான். மிச்சச் சோற்றைக் கவரில் கட்டி மட்டும் எறியாதீர்கள். சோற்று வாசனைக்கு வரும் காட்டுமாடு கவரோடு விழுங்கிவிடுகிறது. என் மனதை அறுப்பது இதுதான்.

கேள்வி: மெழுகுப்புழு பாலித்தீன் பையை ஓட்டை போடுமாமே? என் தேன்பெட்டியில் நிறைய இருக்கிறது. வளர்க்கலாமா?
– வாசகர், கூடலூர்

வேண்டாம். ஸ்பெயினில் இதைக் கவனித்து 2017-ல் அறிவித்த ஆய்வாளரும் வீட்டில் தேனீ வளர்த்தவர்தான். புழுவின் எச்சிலில் உள்ள நொதிகள் பாலித்தீனைத் தாக்குவதாக 2022-ல் எழுதினார்கள். அந்த நொதியை ஆலையில் தயாரிப்பதே அவர்கள் நோக்கம். புழுவை வளர்த்தால் அது அந்துப்பூச்சியாகிப் பறந்து அக்கம்பக்கத்துப் பெட்டிகளிலும் முட்டையிடும், அடையெல்லாம் நூலாம்படையாகும். நீங்கள் இன்றே பெட்டியைத் திறந்து, தேனீ மொய்க்காத பழைய அடைகளை எடுத்து உருக்கிவிடுங்கள். அடித்தட்டில் சேர்ந்த மெழுகுத் துகளையும் சுரண்டிவிடுங்கள். அதில்தான் புழு ஒளிந்திருக்கும்.