ஏப்ரல் வெயிலில் வெந்துபோன கத்தரி நாற்று

லண்டன் ஹரோவில் இருக்கும் ஒரு அக்கா எழுதிக் கேட்டிருக்கிறார். போன வருடம் பின்வளவுக்கு ஒரு கோல்ட் பிரேம் வாங்கினாராம், அடி இல்லாத, சரிவான கண்ணாடி மூடி போட்ட அந்தப் பெட்டிதான். ஏப்ரலில் கத்தரி, மிளகாய் நாற்றுகளை உள்ளே வைத்தார். முதல் தொகுதி இரண்டு நாளில் வதங்கிக் கருகியது. திரும்ப வாங்கி வைத்தது ஒரே இரவில் கறுத்துத் தொங்கியது. வருடம் முழுக்க ஊர்க் காய்கறி பறிக்கலாம் என்று விற்றவர் சொன்னாராம். பெட்டியில் பிழையா, என் கைராசி பிழையா என்று கேட்கிறார்.

அக்கா, விற்றவர் உங்களுக்குச் சொன்னது பொய். அந்தப் பெட்டிக்குள் அடுப்பு கிடையாது. பகலில் வெயிலைப் பிடித்து வைக்கும், இரவில் வெளியைவிட இரண்டு மூன்று டிகிரி கூட இருக்கும், அவ்வளவுதான். கத்தரியும் மிளகாயும் 10 டிகிரிக்குக் கீழே போனாலே சோர்ந்துவிடும், உறைபனி பட்டால் முடிந்தது. உங்கள் இரண்டாவது தொகுதி அப்படித்தான் போனது.

முதல் தொகுதி செத்தது வெக்கையில். வெளியே 12, 13 டிகிரிதானே, குளிர்தானே என்று மூடியை இறுக்கிவிட்டு வேலைக்குப் போயிருப்பீர்கள். நல்ல வெயில் அடித்தால் மத்தியானத்துக்குள் உள்ளே 40 டிகிரியை எட்டிவிடும், சின்ன நாற்று என்ன செய்யும். நான் பார்த்த வரையில் வசந்த காலத்தில் இந்தப் பெட்டிக்குள் குளிரில் சாகிற நாற்றைவிட வெந்து சாகிற நாற்றுத்தான் அதிகம். முதலில் ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே வையுங்கள். 20 டிகிரி தாண்டினால் மூடியைத் திறக்க வேண்டும். பகலில் வீட்டில் ஆள் இல்லையென்றால் காலையிலேயே ஒரு செங்கல்லைச் செருகிவிட்டுப் போங்கள், அல்லது மூடியைத் தானாகத் திறக்கும் கருவி ஒன்று விற்கிறது, அதன் குழாய்க்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து மூடியைத் தள்ளும், மின்சாரம் தேவையில்லை.

எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஈஸ்டர் வாரத்திலேயே கடை வாசலில் மிளகாய், தக்காளி நாற்றுகளை அடுக்கிவிடுகிறார்கள். நேற்றுவரை சூடாக்கிய கண்ணாடி வீட்டில் இருந்த செடி அது. லண்டனிலேயே மே நடுப்பகுதி வரை உறைபனி விழலாம், வடக்கே ஸ்கொட்லாந்துப் பக்கம் ஜூன் தொடக்கம் வரை போகும். இது விற்கிறவர்களுக்குத் தெரியாதா? செத்தால் நீங்கள் திரும்ப வந்து வாங்குவீர்கள், அவர்களுக்கு என்ன நட்டம். விதைப் பக்கெட்டுகளும் அப்படித்தான், தெற்கே கோர்ன்வாலுக்கும் வடக்கே ஸ்கொட்லாந்தின் அபர்தீனுக்கும் ஒரே மாதத்தை அச்சடித்து விற்கிறார்கள், கேட்க யாரும் இல்லை. வாட்ஸ்அப்பில் ‘ஊர் விதை’, ‘ஊர்க் கறிவேப்பிலைக் கன்று’ என்று விற்பவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். இலங்கை, இந்தியாவிலிருந்து விதையோ செடியோ கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், பயணப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தால் சட்டப்படி குற்றம். பக்கெட்டில் வருடமும் இருக்காது, முளைக்காவிட்டால் அந்த ஆளின் தொலைபேசியும் எடுபடாது.

சரி, கத்தரி, மிளகாய்க்கு இந்தப் பெட்டி எதற்கு? பழக்குவதற்கு. பெப்ரவரி, மார்ச்சில் வீட்டுக்குள் சூடான யன்னலோரம் விதையை முளைக்க வையுங்கள். மே நடுவில் நாற்றைப் பெட்டிக்கு மாற்றி, பத்துப் பதினான்கு நாள், முதலில் பகலில் திறந்து இரவில் மூடி, பிறகு இரவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, அப்புறம் வெளியே நடுங்கள். ஜூலை, ஓகஸ்டில் மூடியையே கழற்றி வைத்துவிடலாம்.

குளிர்காலத்துக்குப் பெட்டி நன்றாக உதவும், ஆனால் கீரைக்கு. கொத்தமல்லி, ஸ்பினாச், கடுகுக் கீரை, பொக் சோய், குளிர்கால லெட்டஸ் எல்லாம் குளிர் தாங்கும். வெந்தயமும் போடலாம், கடும் பனிக்கு முன் பறித்துவிட வேண்டும். நம்முடைய முளைக்கீரையைக் குளிர்காலத்தில் நினைக்கவே வேண்டாம். இங்கே ஒக்டோபர் கடைசியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை பகல் 10 மணி நேரத்துக்கும் குறைவு, எந்தப் பெட்டியில் வைத்தாலும் செடி ஏறக்குறைய வளராது. வளர்ந்து நிற்பதைத்தான் பறித்துப் பறித்துச் சாப்பிடுகிறோம். அதனால் நவம்பரில் விதைப்பது வீண், செப்டம்பர் முதல் பாதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும்.

இரவில் மூடி வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது, இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒக்டோபர், நவம்பரில் குளிர் அதிகமில்லாமல் நசநசவென்று ஈரமாக இருக்கும் சில வாரங்கள் வரும். இரவில் 7, 8 டிகிரி இருக்கும். அந்த நாட்களில் இறுக்கி மூடினால் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக இலையில் விழுந்து, நான்கைந்து நாளில் சாம்பல் பூஞ்சணம் பிடித்துவிடும். லெட்டஸ் அடித்தண்டு அழுகுவது அதனால்தான், ‘குளிர் பட்டுவிட்டது’ என்று ஆட்கள் இன்னும் இறுக்கி மூடுவார்கள். அப்படிப்பட்ட இரவுகளில் ஒரு செங்கல் தடிப்பு இடைவெளி விடுங்கள். தண்ணீரைக் காலையில் மட்டும், மண்ணில் மட்டும் ஊற்றுங்கள், பழுத்த இலையை உடனே கிள்ளி எறியுங்கள். உறைபனி வருமென்று சொன்னால் மட்டும் மூடி, மேலே ஒரு பழைய கம்பளம் போட்டு, காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, பெட்டி உடைந்தால் புதிது வாங்காமல் யாரோ கழற்றி எறிந்த பழைய மர யன்னலை மூடியாக வைக்கலாம் என்று ஆசை வரும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும், உரிகிற வர்ணம் கீரைக்குமேல் விழும். எனவே வர்ணம் உரிந்ததைத் தொடவே வேண்டாம்.

இப்போது ஓகஸ்ட் கடைசி. பெட்டியின் உயரமான பக்கம் வடக்கிலும் தாழ்ந்த பக்கம் தெற்கிலும் இருக்கிறதா என்று பார்த்து, இந்த வார இறுதியில் கொத்தமல்லியை இரண்டாக உடைத்து விதைத்துவிடுங்கள் அக்கா. மூலைகளில் ஓடில்லா நத்தை ஒளிந்திருக்கும், இரவில் ஒரு டோர்ச் அடித்துப் பார்த்துப் பொறுக்குங்கள்.