வாசகர் கேள்வி – பதில்: மார்பகச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் குளிசைகள்

கேள்வி: வயது 38. தோளும் முதுகும் நொந்து நொந்தே மார்பகக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்கு ஒத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நோவுக்கு டைக்ளோபினாக் போடுகிறேன். கனடாவில் இருக்கும் அக்கா அனுப்பிய மீன் எண்ணெய், விற்றமின் ஈ குளிசைகளும் நாளாந்தம் எடுக்கிறேன். எதை எப்போது நிறுத்துவது?
– வாசகி, கோண்டாவில்

பதில்: நேரத்தோடு கேட்டுவிட்டீர்கள், நல்லது. தைத்து மூடிய மார்பகத்துக்குள் இரத்தம் கசிந்து கட்டினால், திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து எடுக்க நேரிடும். டைக்ளோபினாக், இபுபுரோபன், மாதவிடாய் நோவுக்குப் போடும் மெபனமிக் அசிட் மூன்றும் இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பவை. அஸ்பிரின் இன்னும் கடுமை. அது தாக்கிய சிறுதட்டு பிறகு தேறாது. புதியவை வந்து இடத்தை நிரப்ப 7 முதல் 10 நாள் செல்லும். அதனால்தான் இவற்றை ஒன்று அல்லது இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மீன் எண்ணெய், விற்றமின் ஈ, உள்ளிக் குளிசை, ஜின்கோ, ஜின்செங் ஆகியவற்றுக்கும் இரண்டு கிழமைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கறியில் போடும் உள்ளி, இஞ்சிக்குப் பயம் வேண்டாம். இடையில் நோவுக்குப் பனடோல் போதும்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் அஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ தாங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் அடைபட்டால் உயிருக்கே ஆபத்து. இதய வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

சித்த மருந்து, கசாயம், லேகியம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். "அது மருந்தில்லைத்தானே" என்று விட்டுவிடுவதில்தான் பிழை நடக்கிறது. கிளினிக் கொப்பியோடு போத்தல்களையும் உறைகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும் ஒளிக்காதீர்கள். நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். குறைப்புச் சத்திரசிகிச்சையில் இடம் மாற்றி வைக்கும் முலைக்காம்புக்கு இரத்தம் போதாமல் அது கருகிவிடலாம். முன்னும் பின்னும் குறைந்தது நான்கு கிழமை புகையிலையைத் தொடாதீர்கள்.

கேள்வி: நான் மிதுரி கருத்தடைக் குளிசை எடுப்பவள். நிறுத்த வேண்டுமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: மிதுரியில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு காலில் இரத்தம் உறையும் வாய்ப்பை அது கூட்டும். நான்கு கிழமைக்கு முன் நிறுத்தச் சொல்லும் வைத்தியர்கள் உண்டு. உங்கள் உடல்நிலையைப் பார்த்து அவரே சொல்லட்டும். நிறுத்தினால் அன்றிலிருந்தே ஆணுறை அவசியம். இந்த இடைவெளியில் கர்ப்பம் தரித்தால் சத்திரசிகிச்சையையே தள்ளிப்போட வேண்டும்.

கேள்வி: சீனி வருத்தத்துக்கு மெட்போமினும் எம்பாகிளிபுளோசினும், பிரஷருக்கு லோசாட்டனும் எடுக்கிறேன். பட்டினி இருக்கும் அன்று என்ன செய்வது?
– வாசகி, நல்லூர்

பதில்: எம்பாகிளிபுளோசின் மூன்று நாளுக்கு முன்பே நிற்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு பட்டினி இருந்தால், இரத்தத்தில் சீனி சரியாகக் காட்டும்போதே உடலில் கீற்றோன் அமிலம் ஏறிவிடலாம்; வாந்தி, மூச்சிரைப்பு வரும்வரை ஒருவருக்கும் விளங்காது. அந்த மூன்று நாளும் சீனியை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள். மெட்போமினை வழக்கமாக அன்று காலை போடாமல் விடுவார்கள், லோசாட்டனை 24 மணி நேரத்துக்கு முன் நிறுத்துவார்கள். தைரொக்சின், பிசோபுரோலோல் போன்றவை எடுப்பவர்கள் அவற்றை ஒரு மிடறு தண்ணீரோடு காலையில் போடலாம். சாப்பாடு ஆறு மணி நேரத்துக்கு முன் நிற்க வேண்டும், பால் சேர்த்த தேநீருக்கும் அதே கணக்கு. தண்ணீரும் வெறும் தேநீரும் இரண்டு மணி நேரம் முன்வரை குடிக்கலாம். மயக்க மருந்து வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதே சரி.

கேள்வி: மகளுக்கு மார்பகத்தில் சிலிக்கன் வைக்கப் போகிறார்கள். பிறகு நோவுக்குப் பனடோலையும், மருமகன் கொண்டுவந்த டைலனோல் 650ஐயும் மாறி மாறிக் கொடுக்கலாமா? நொச்சி இலை ஒத்தடம், சரக்குக் கறி சரிவருமா?
– தாய் ஒருவர், மானிப்பாய்

பதில்: அம்மா, இரண்டும் ஒரே பரசிற்றமோல்தான். 500 மி.கி. பனடோல் இரண்டு வீதம் நான்கு தரம் போட்டால் 4,000 மி.கி.; ஒரு நாளின் உச்ச அளவு அதோடு முடிந்தது. மேலே இரண்டு டைலனோல் சேர்ந்தால் 5,300. ஈரல் பழுதாகும், முதல் நாளில் அறிகுறியே தெரியாது. தடிமன் குளிசைகளிலும் பரசிற்றமோல் இருக்கும், பெட்டியை வாசியுங்கள். மகள் 50 கிலோவுக்குக் குறைவென்றால் அளவை வைத்தியரிடம் கேட்டுக் குறையுங்கள். பனடோலுக்கும் அடங்காத நோவு என்றால், குளிசையைக் கூட்டாமல் வைத்தியருக்கு அறிவியுங்கள். கடும் நோவுக்கான டிரமடோல் தந்திருந்தால், ஒவ்வாமைக்குப் போடும் பிரிட்டோனோ தூக்கக் குளிசையோ சேர்த்துக் கொடுக்காதீர்கள், மூச்சு மந்தமாகும். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவருக்கு டிரமடோல் ஒத்துவராமல் போகலாம், முன்பே சொல்ல வேண்டும். அது மலச்சிக்கலும் தரும். தண்ணீரும் கீரையும் கூடக் கொடுங்கள்.

ஒத்தடம் கட்டாயம் வேண்டாம். தோல் பல கிழமைக்கு மரத்திருக்கும், சுடுவதே தெரியாமல் வெந்துவிடும். காயத்தில் இலையோ எண்ணெயோ பூசுவதும் கூடாது. சரக்குக் கறி சாப்பாடாகச் சாப்பிடலாம், முதல் சில நாள் உள்ளியை அள்ளிப் போடாமல். அன்டிபயோட்டிக் தந்தால் சொன்ன நாள்வரை கொடுங்கள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் தாதியிடம் வாயாலும் சொல்லி, அட்டையிலும் எழுதுவியுங்கள்.

முதல் இரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகினால், அல்லது பிறகு 38 பாகைக்கு மேல் காய்ச்சல், சீழ், கெண்டைக்கால் நோவு வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.