லாரி கேள்வி–பதில்: கியர் பாக்ஸை இறக்கும் முன்

கேள்வி: கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜின் பொருத்திய டாடா பத்துச் சக்கர லாரி வைத்திருக்கிறேன். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. 1,500 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. மாதம் 9,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி. ஒரு பட்டறையில் பின்பக்க கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர் பாக்ஸ் இறக்கிப் போட 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் பிஸ்டன் ரிங் மாற்றாமல் லீக் நிற்காது, ஒரு லட்சத்துக்கு மேல் போகும் என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், சங்ககிரி

பதில்: மாதம் 12 லிட்டர் ஆயில் போகிறது. அலட்சியப்படுத்தும் அளவல்ல. ஆனாலும் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்காமல் எந்த வேலைக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். சொட்டும் இடம் வேறு, கிளம்பும் இடம் வேறு. மேலேயும் முன்னேயும் கசியும் ஆயிலைப் புவியீர்ப்பு கீழே இழுக்கும், ஃபேன் காற்று பின்னால் தள்ளும். எங்கே கசிந்தாலும் கடைசியில் பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடு) அடியில்தான் வந்து நிற்கும். அதனால்தான் பல வண்டிகளில் குற்றமே செய்யாத பின் சீல் மாட்டிக்கொள்கிறது.

முதலில் சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்று உறுதி செய்யுங்கள். டீசல் இன்ஜின் ஆயில் கறுப்பாக இருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக நெடி அடிக்கும். அது வந்தால் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கழுவுங்கள். சூடான டீசல் பம்ப் மீது குளிர்ந்த தண்ணீர் அடிக்கவே கூடாது, உள்ளே பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டரை பாலித்தீன் கட்டி மூடுங்கள். காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரைத் தூவி, சுமையோடு 30, 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமான இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எது எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ, அங்கிருந்துதான் ஆயில் கிளம்புகிறது. இப்படியும் பிடிபடவில்லை என்றால் இன்ஜின் ஆயிலில் கலக்கும் லீக் சாயமும் புற ஊதாக் கதிர் டார்ச்சும் கடைகளில் கிடைக்கின்றன. கசியும் இடம் பளிச்சென்று ஒளிரும்.

உங்கள் இன்ஜினில் முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம் டாப்பெட் கவர். டீசல் பம்புக்குப் பின்னால், பிளாக்கின் பக்கவாட்டில் மறைந்திருக்கும். அதன் கேஸ்கெட் கசிந்தால் ஆயில் பிளாக்கை ஒட்டியே வழிந்து, சம்ப் (இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) விளிம்பு வழியாகப் பின்னால் போய், பின் சீல் லீக் போலவே காட்டும். பிறகு ராக்கர் கவர்கள் (12 வால்வு இன்ஜினில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு இருக்கும்), ஏர் கம்ப்ரசர் கியர் கேசில் சேரும் இடம், டர்போவிலிருந்து திரும்பும் ஆயில் குழாயின் கேஸ்கெட், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஃபில்டர் அடி. ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புதியது ஏறிவிடுவதும் உண்டு. இவற்றில் எதற்கும் கியர் பாக்ஸ் இறக்கத் தேவையில்லை.

இரண்டாவது பட்டறை சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ரிங் தேய்ந்தால் எரிந்த புகை சம்பில் இறங்கி அழுத்தம் கூடும். பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்பது இதைத்தான். அழுத்தம் இருக்கும்வரை எத்தனை புது சீல் போட்டாலும் கசியும். இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் கவிழ்த்து வையுங்கள். மூடி குதித்து விழுந்தால் அழுத்தம் அதிகம். உடனே ரிங் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் ப்ரீதர் குழாயை (இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியே விடும் குழாய்) கழற்றி ஊதிப் பாருங்கள். அது கசடு அடைத்திருந்தாலே இதே அறிகுறி வரும், சரிசெய்யப் பைசா செலவில்லை. அடுத்தது ஏர் கம்ப்ரசர். ஏர் டேங்க் நிரம்பி, கம்ப்ரசர் காற்று அடைப்பதை நிறுத்தியதும் (கட்-அவுட்) ப்ரீதர் புகை குறைந்தால், டேங்க் வடிகாலிலும் ஆயில் வந்தால், தேய்ந்தது கம்ப்ரசர் ரிங். டர்போ சீல் தேய்ந்தாலும் சம்பில் காற்று இறங்கும். இவை மூன்றும் சரியாக இருந்து, வண்டி இழுவையும் குறைந்து, சைலன்சரில் நீலப் புகையும் வந்தால்தான் ரிங் பேச்சு.

கடைசியில் பின் சீல்தான் என்று உறுதியானால் வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள். கியர் பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் கழன்றதும் சீலின் உதடு கசிகிறதா, அதைத் தாங்கும் கவரின் கேஸ்கெட் கசிகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கிராங்கில் சீல் உரசிய இடத்தில் நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால் ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) போட வேண்டும், வெறும் சீல் நிற்காது. கிராங்க் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டெஃப்லான் சீலை உலர்ந்த நிலையில்தான் ஏற்ற வேண்டும். பழக்கத்தில் ஆயில் தடவி ஏற்றினால் சில நாளில் மறுபடி கசியும். கிராங்க் முனையைத் துடைத்து, கிட்டோடு வரும் பிளாஸ்டிக் வழிகாட்டி வளையத்தை வைத்தே தள்ள வேண்டும்.

பணத்துக்கு வருவோம். அந்த 28,000 ரூபாயில் சீலின் விலை சிறு பங்குதான், பெரும்பகுதி இறக்கி ஏற்றும் கூலி. எனவே அதே கூலியில் முடியும் வேலைகளை அப்போதே முடித்துவிடுங்கள்: ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங், கியர் பாக்ஸ் இன்புட் சீல். கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஊறியிருந்தால் கழுவிப் போடுவது வீண், மாற்றியே ஆக வேண்டும். எஸ்டிமேட்டில் உதிரிபாகம், கூலி, லேத் வேலை மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். லீக் கண்டுபிடிக்கும் கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுவது நல்லது. கண்டுபிடிப்பதற்குக் காசு கிடைத்தால்தான் மெக்கானிக் பொறுமையாகத் தேடுவார். முன்பணம் உதிரிபாகத்துக்கு மட்டும், மீதி சுமையோடு ஓட்டிப் பார்த்த பிறகு. பழைய சீலைக் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில்லில் பழைய வரி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: சம்ப் கேஸ்கெட் மாற்றி மூன்று வாரத்தில் மறுபடி ஒழுகுகிறது. மெக்கானிக் இந்த முறை கம் (சிலிக்கான் பசை) நிறையப் போடலாம் என்கிறார்.
— வாசகர், திருச்செங்கோடு

பதில்: நிறையப் போடுவது ஆபத்து. உள்ளே பிதுங்கும் சிலிக்கான் உதிர்ந்து ஆயில் பம்ப் ஜல்லடையை அடைத்தால் பேரிங் போய்விடும். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியதில் சம்ப் விளிம்பு துளைகளைச் சுற்றி வளைந்திருக்கும். சம்பைக் கழற்றி, நேர்க்கட்டை வைத்துப் பார்த்து, விளிம்பைத் தட்டிச் சமன் செய்து, இரு பரப்பிலும் ஆயில் பசையே இல்லாமல் துடைத்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மாறி மாறி, டார்க் ரென்ச்சில் முறுக்கச் சொல்லுங்கள். டிரெய்ன் பிளக்கின் செப்பு வாஷரையும் மாற்றுங்கள். பல சம்ப் லீக் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: 15டபிள்யூ-40க்குப் பதில் கெட்டியான ஆயில் ஊற்றினால் லீக் குறையுமா?
— வாசகர், நாமக்கல்

பதில்: கொஞ்சம் குறைந்தது போலத் தெரியும். ஆனால் குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது டர்போவுக்கு ஆயில் தாமதமாகப் போய்ச் சேரும். சீலுக்கு மிச்சம் பிடித்ததை டர்போவுக்குச் செலவழிக்க வேண்டிவரும். கம்பெனி சொன்ன தரத்திலேயே இருங்கள், டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள்.