காரைக்குடி பஸ் நேர ஆப், யுபிஐ பட்டனால் நிராகரிப்பு: பதில்
அண்ணே, காரைக்குடி பஸ் நேரம் காட்டுற உங்க ஓப்பன் சோர்ஸ் ஆப்பை, 'நன்கொடை' பட்டன் யுபிஐக்குப் போகுதுன்னு ப்ளே ஸ்டோர் தள்ளுனதுல ஆச்சரியமில்லை. 2019ல வயர்கார்டு (WireGuard) விபிஎன் ஆப்புக்கே இதே கதிதான். வரிவிலக்கு உள்ள தொண்டு அமைப்புக்கு விதிவிலக்கு உண்டு. தனி ஆளுக்கு இல்லை.

ஆப்பை பில்டு பண்ற கருவியான கிரேடில்ல, ப்ளே ஸ்டோருக்கு ஒண்ணு, எஃப்-ட்ராய்டுக்கு (ஓப்பன் சோர்ஸ் ஆப்களுக்கான ஸ்டோர்) ஒண்ணுன்னு ரெண்டு ஃப்ளேவர், அதாவது ஒரே கோடுல ரெண்டு வடிவம், பிரிங்க. யுபிஐ பட்டன் எஃப்-ட்ராய்டுல மட்டும். ப்ளேயில அவங்களோட சொந்த கட்டண முறையான பில்லிங் வழியா 50, 100 ரூபாய்னு டிப் வைங்க; கமிஷன் போக மீதிதான் கைக்கு வரும், வேற வழியில்லை. பலர் சறுக்குற இடம் இதுதான்: பணம் வந்ததும் கோடுல கன்ஸ்யூம் பண்ணணும், அதாவது இந்த வாங்கல் முடிஞ்சுதுன்னு ப்ளேக்குச் சொல்லணும். விட்டுட்டா 3 நாள்ல தானா ரீஃபண்ட் ஆயிடும். அதுவரை அதே ஆள் அதே டிப்பை மறுபடி தரவும் முடியாது.

ப்ளேயோட பில்லிங் லைப்ரரி ஓப்பன் சோர்ஸ் இல்லை. எஃப்-ட்ராய்டு பில்டுல அது கலந்தா அங்கேயும் தள்ளிடுவாங்க. ப்ளேயோட க்ளோஸ்டு டெஸ்டிங்ல (குறிப்பிட்ட சிலர் மட்டும் சோதிக்கிற இடம்) யுபிஐ பட்டனோட பழைய பில்டு கிடந்தா அதையும் மாத்திட்டு மறுபடி அனுப்புங்க.