மூணாம் வகுப்புப் பையன் அடிக்கிறான், டிசி தருவோம் என்கிறார்கள்

டிசி வாங்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை நீக்க முடியாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது.

வீட்டில் சாதுவாக இருப்பவன் வகுப்பில் மட்டும் அடிக்கிறான் என்கிறீர்கள். எனக்கு வாசிப்பில்தான் சந்தேகம். எழுந்து வாசிக்கச் சொல்லி, அவன் திணற, பக்கத்துப் பையன் சிரித்தால் கை நீளும்.

1. அடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எந்தப் பீரியட், பக்கத்தில் யார் என்று டீச்சரை ஒரு வாரம் குறித்துத் தரச் சொல்லுங்கள்.
2. வீட்டில் பாடப்புத்தகத்தில் நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டித் தடுமாறினால், முதலில் கண், காது பரிசோதனை. அப்புறம் கற்றல் குறைபாட்டுக்கான சோதனை.

வீட்டிலும் அடிக்க ஆரம்பித்தால் காத்திருக்காமல் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். அந்தக் குறிப்புத் தாளையும் எடுத்துப் போங்கள். தயவுசெய்து அவனை அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள்.